வால்ட் டிஸ்னி வேர்ல்ட்: சிறு குழந்தைகளுக்கு ஒரே ஒரு பூங்கா போதும்

பள்ளியில் இன்னும் சேராத, அல்லது இப்போதுதான் சேர்ந்திருக்கும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போகலாமா என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், தாராளமாகப் போகலாம் என்றே சொல்லிவருகிறேன். நான்கு பூங்காக்களையும் பார்த்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு போக வேண்டாம் என்பதையும் கூடவே சொல்கிறேன். ஒர்லாண்டோவுக்குத் தென்மேற்கே 100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருக்கும் அந்த வளாகத்தில் மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என நான்கு தனித்தனிப் பூங்காக்களும், இரண்டு நீர்ப் பூங்காக்களும், 20-க்கும் மேற்பட்ட ஹோட்டல்களும் உள்ளன. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இவற்றுள் முழுமையாகப் பொருந்துவது மேஜிக் கிங்டம் ஒன்றே. அடுத்த இடத்தை அனிமல் கிங்டமுக்குத் தருவேன். மற்ற இரண்டையும் குழந்தைகள் வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவிலேயே வசிக்கும் நாங்கள், ஐந்து வயது நிறையும் தறுவாயில் இருந்த மகள், மூன்று வயதைத் தொடாத மகன், ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா ஆகியோருடன் காரில் போய்வந்த அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன்.

மேஜிக் கிங்டம் ஏன் இந்த வயதுக்குப் பொருந்துகிறது என்பதற்கு அதன் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. தம் மகள்கள் குடை ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்கையில் தாம் ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க நேர்ந்த நாட்களில்தான், பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாகச் சேர்ந்து களிப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் தமக்குத் தோன்றியதாக வால்ட் டிஸ்னி பின்னாளில் கூறியிருக்கிறார். அந்த எண்ணத்தின் முதல் வடிவம் 1955-இல் கலிபோர்னியாவில் திறந்த டிஸ்னிலேண்ட். புளோரிடாப் பூங்காவைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1966-இல் அவர் மறைந்த பின், அண்ணன் ராய் டிஸ்னி பொறுப்பேற்று 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டமைத் திறந்தார். அன்று முதல் ஓடிக்கொண்டிருக்கும் சவாரிகளில் பெரும்பாலானவை குடும்பத்தோடு ஒரே படகிலோ ஒரே பெட்டியிலோ உட்கார்ந்து போகும் வகையைச் சேர்ந்தவை. பெற்றோர் மடியில் குழந்தையை இருத்திக்கொள்ளும் இடங்கள் இங்கே இருக்கும் அளவுக்கு மற்ற மூன்று பூங்காக்களிலும் இல்லை.

வயதைப் பற்றிய கேள்விதான் முதலில் எழுவது. மூன்று வயது நிறையாத குழந்தைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. 3 முதல் 9 வரை குழந்தை டிக்கெட். 10 வயதிலிருந்து பெரியவர் டிக்கெட். கட்டணம் இல்லை என்பதற்காகவே இரண்டரை வயதுக் குழந்தையை அழைத்துச் செல்வோர் நம்மவரில் நிறைய. மூத்த பிள்ளை ஒன்று இருந்து, அதனுடன் சின்னதும் வருகிறது என்றால் அது நியாயமான கணக்கு. இரண்டரை வயதுப் பிள்ளை மட்டும்தான் என்றால், விமானச் செலவும் தங்கும் செலவும் பெற்றோர் இருவரின் டிக்கெட்டும் சேர்ந்து ஆகும் தொகைக்கு அந்தக் குழந்தைக்குக் கிடைப்பது மிகக் குறைவு. நான்கரையிலிருந்து ஏழு வரையே இதற்கு உகந்த பருவம். கதாபாத்திரங்கள் உண்மையானவை என்ற நம்பிக்கை அந்த வயதில் குறையாமல் இருக்கும். எதைப் பார்த்தோம் என்பதும் ஓரளவு நினைவில் நிற்கும். வரிசையில் அரை மணி நேரம் நிற்கும் பொறுமையும் வந்திருக்கும்.

வயதைவிடவும் முக்கியமானது உயரம். சில சவாரிகளின் நுழைவாயிலில் அளவுகோல் ஒன்று நட்டு வைத்திருக்கிறார்கள். ஐயத்துக்கு இடமாக இருக்கும் குழந்தையைப் பணியாளர் நிமிர்ந்து நிற்கச் சொல்லி அளந்த பிறகே உள்ளே விடுகிறார். மேஜிக் கிங்டமில் சின்ன ரோலர் கோஸ்டரான பார்ன்ஸ்டார்மருக்கு 35 அங்குலம். ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலுக்கு 38. 2024-இல் திறந்த டியானாவின் நீர்ச்சவாரிக்கு 40. ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44. டிரான் சவாரிக்கு 48. இந்த எண்களைத் தெரிந்துகொண்டு, புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே காலணியுடன் வீட்டுச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிட்டால், அங்கே வரிசையின் முகப்பில் நடக்கும் அழுகையை முழுவதுமாகத் தவிர்த்துவிடலாம். 38 அங்குலத்தைத் தாண்டிய குழந்தைக்கும் தாண்டாத குழந்தைக்கும் இந்தப் பூங்கா இரு வேறு பூங்காக்கள் என்றே கொள்ளலாம். எங்கள் மகள் தாண்டியிருந்தாள், மகன் தாண்டவில்லை. அவனுக்குரிய சவாரிகளின் படங்களை முன்னதாகவே காட்டி, இவை எல்லாம் உன்னுடையவை என்று சொல்லி வைத்திருந்தோம். ஒரு மூன்று வயதுக் குழந்தை ஒரு நாளில் பார்த்து முடிக்கக்கூடியதைவிட அதிகமான சவாரிகள் உயரக் கட்டுப்பாடு இன்றி அங்கே இருக்கின்றன என்பதால், அவனுக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

உயரம் போதாத பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோருக்காக ரைடர் ஸ்விட்ச் என்று ஓர் ஏற்பாடு உண்டு. தாயும் மூத்த குழந்தையும் வரிசையில் நின்று சவாரி செய்து திரும்பும்வரை தந்தை சின்னதைப் பார்த்துக்கொள்கிறார். அவர்கள் வந்ததும், மீண்டும் முழு வரிசையில் நிற்காமல் தந்தை போய்விட்டு வரலாம். மூத்த குழந்தையும் அவருடன் இரண்டாம் முறை போகலாம் என்பது எங்கள் மகளுக்குக் கிடைத்த பெரும் பேறு. இதற்குக் கட்டணம் இல்லை. வரிசையின் முகப்பில் நிற்கும் பணியாளரிடம் குடும்பம் முழுவதும் சேர்ந்து போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவே. இந்த ஏற்பாடு இருப்பது தெரியாமலேயே தந்தையோ தாயோ நாள் முழுவதும் வெளியே நின்றுவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் பல.

இனி சவாரிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பூங்காவின் நடுவே நிற்கும் கோட்டைக்குப் பின்புறம் சுற்றிக்கொண்டிருக்கும் குடை ராட்டினம் 1917-இல் பிலடெல்பியா டொபாகன் கம்பெனி செய்தது. நியூ ஜெர்சியில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் பல ஆண்டுகள் ஓடி, பிறகு டிஸ்னி வாங்கிச் செப்பனிட்டுக் கொண்டுவந்து வைத்தது. மரத்தில் செதுக்கிய குதிரைகளின் பிடரி மயிரையும் சேணத்தின் பூவேலையையும் அருகில் நின்று பார்க்க வேண்டும். வெளிவட்டத்துக் குதிரைகளில் வேலைப்பாடு கூடுதல். எங்கள் மகன் தன் குதிரையின் மூக்கைத் தடவிக்கொண்டே இருந்தான்; ராட்டினம் நின்ற பிறகும் இறங்க மனம் வரவில்லை. புத்தம் புதிய சவாரிகளுக்கு இடையே நூறாண்டைத் தாண்டிய ஒரு பொருள் இவ்வளவு பேணப்பட்டு ஓடுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

டம்போ யானை சவாரி பார்ப்பதற்கு நம் ஊர்த் திருவிழா ராட்டினத்தின் உறவுதான்; ஆனால் யானைக்குள் ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது, அதைக் கொண்டு யானையை மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம். ஒரு பெரிய பொருளைத் தன் கையால் ஏற்றி இறக்கும் அதிகாரம் மூன்று வயதுக் குழந்தைக்கு வேறெங்கும் கிடைப்பதில்லை. 2012-இல் இந்த ராட்டினத்தை இரண்டாக்கியதால் வரிசை வேகமாக நகர்கிறது. அதைவிடப் பாராட்டத்தக்கது, காத்திருக்கும் பகுதியில் சர்க்கஸ் கூடாரம் போன்ற குளிர்சாதன அறைக்குள் குழந்தைகள் ஏறி விளையாட இடம் அமைத்திருப்பது. அதே சர்க்கஸ் பகுதியில் கேஸி ஜூனியர் என்ற பொம்மை ரயிலைச் சுற்றி நீர் பீச்சும் விளையாட்டுத் திடல் ஒன்றும் உள்ளது. மாற்றுத் துணியும் ஒரு துண்டும் இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது.

பெரியவர்களையும் குழந்தைகளையும் ஒருசேர மகிழ்வித்தது பூங்காவைச் சுற்றிவரும் ரயில். அதன் நான்கு நீராவி எஞ்சின்களும் 1916-க்கும் 1928-க்கும் இடையே பிலடெல்பியாவின் பால்ட்வின் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, மெக்சிகோவின் யுகாட்டன் பகுதியில் உழைத்துத் தேய்ந்த பிறகு, 1969-இல் வாங்கி வரப்பட்டவை. தண்டவாளத்தின் அகலம் மூன்றடி. நம் மீட்டர் கேஜைவிடச் சற்றுக் குறுகலானது. விழுப்புரம் சந்திப்பில் கரி எஞ்சின்களைப் பார்த்து வளர்ந்த என் அம்மா, நிலையத்தில் எஞ்சின் அருகே போய் நின்று, உந்துதண்டு எப்படிச் சக்கரத்தைத் தள்ளுகிறது என்று பேத்திக்கு விரலால் காட்டி விளக்கினார். ஏறத்தாழ இருபது நிமிடத்தில் ஒரு சுற்று முடிகிறது. கால் ஓய்ந்த நேரத்தில் பூங்காவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போகவும் இது உதவும். குழந்தைத் தள்ளுவண்டியான ஸ்ட்ரோலரை மடித்துத்தான் ஏற்ற வேண்டும்.

பூங்காவின் ஒரு பகுதியான டுமாரோலேண்டில் 1975 முதல் ஓடும் பீப்பிள் மூவரைப் பலர் பொருட்படுத்துவதே இல்லை. உயர்த்திக் கட்டிய பாதையில் காற்றோட்டமாக மெல்லச் செல்லும் இந்தப் பெட்டிகளுக்குள் எஞ்சின் கிடையாது. பாதையில் பதித்த மின்காந்தங்களே இழுத்துச் செல்கின்றன. அதனால் சத்தமும் குலுக்கலும் இல்லை. வரிசை பெரும்பாலும் குறைவு. கைக்குழந்தை இதில் உறங்கிவிடுவது வாடிக்கை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஏறும் மேடை நகர்ந்துகொண்டே இருக்கும், முழங்கால் வலி உள்ள முதியவர்கள் முதலிலேயே பணியாளரிடம் சொல்லிவிடுவது நல்லது.

பொம்மைகள் தத்தம் நாட்டு உடையில் பாடி ஆடும் ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ படகுச் சவாரி, 1964-ஆம் ஆண்டின் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவாக்கப்பட்டதன் வழிவந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் நீளும், குளிர்ச்சியானது, இருட்டு இல்லை. முதல் சவாரியாக இதையே வைத்துக்கொள்வது நல்லது. பீட்டர் பேனின் பறக்கும் கப்பலும் அழகானதே. மேலே தொங்கிக்கொண்டு இரவு லண்டனைக் கீழே பார்க்கும் அந்த ஒரு காட்சிக்காகவே போகலாம். ஆனால் நீண்ட வரிசைக்குப் பெயர்போனது, ஆகவே காலையில் கதவு திறந்ததும் முதலில் அங்கே போய்விட வேண்டும். பேய் மாளிகையான ஹான்டட் மான்ஷன், கடற்கொள்ளையர் சவாரி இரண்டுக்கும் உயரக் கட்டுப்பாடு இல்லை என்பதால் குழந்தைகளுக்கு ஏற்றவை என்று எண்ணிவிடக் கூடாது. முதலாவதில் இருண்ட அறையில் கதவு மூடிக்கொள்ளும். இரண்டாவதில் படகு இருட்டில் ஒரு சரிவில் இறங்கும். இருட்டுக்கு அஞ்சும் குழந்தையானால் இரண்டையும் தள்ளிப்போடுவதே நல்லது. அச்சப்பட்ட குழந்தை அதன் பிறகு எந்தக் கட்டடத்துக்குள்ளும் வர மறுக்கும்; நாள் அதோடு போயிற்று.

சவாரிகளைக் காட்டிலும் இந்த இடத்தின் உயர்வை எனக்கு உணர்த்தியது பேபி கேர் சென்டர். பூங்காவின் நுழைவுத் தெருவான மெயின் ஸ்ட்ரீட்டின் முடிவில், கிரிஸ்டல் பேலஸ் உணவகத்துக்கு அருகே, முதலுதவி நிலையத்தை ஒட்டி இருக்கிறது. தாய்ப்பால் கொடுக்கத் தனி அறைகள், மங்கிய ஒளி, அகலமான டயப்பர் மாற்றும் மேடைகள், உயர நாற்காலிகள், உணவைச் சூடாக்க மைக்ரோவேவ் அனைத்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மறந்துவிட்ட டயப்பரையோ பால் பவுடரையோ விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் செய்து கொண்டுபோன பருப்பு சாதத்தை அங்கே சூடாக்கி, கூட்டத்தின் இரைச்சல் இல்லாத அறையில் மகனுக்கு ஊட்ட முடிந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே அரை வாயோடு எழுந்துவிடும் பிள்ளை, அங்கே தட்டைக் காலி செய்தான். இது ஒவ்வொரு பூங்காவிலும் உண்டு. இப்படி ஒன்று நம் ஊரின் பெரிய பூங்காக்களிலும் கோயில்களிலும் பேருந்து நிலையங்களிலும் வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

ஸ்ட்ரோலர் ஐந்து வயதுக் குழந்தைக்கும் வேண்டும்; இனி என் பிள்ளைக்கு அது தேவையில்லை என்று நினைக்கும் பெற்றோரும் எடுத்துச் செல்லட்டும். நடக்க வேண்டிய தூரம் அவ்வளவு. 31 அங்குல அகலமும் 52 அங்குல நீளமும் மேல் வரம்பு. இழுத்துச் செல்லும் வேகன் வகைகளை 2019 மே முதல் அனுமதிப்பதில்லை. சவாரிகளுக்கு வெளியே வண்டிகளை நிறுத்தும் இடங்களில், வரிசை ஒழுங்குக்காகப் பணியாளர்கள் அவற்றை இடம் மாற்றி அடுக்கிவிடுவார்கள். ஒரே கறுப்பு நிறத்தில் நூற்றுக்கணக்கான வண்டிகள் நிற்கும் இடத்தில் நம்முடையதைத் தேடுவது எளிதன்று. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையிலிருந்து கிழித்த ஒரு துண்டைக் கைப்பிடியில் கட்டியிருந்தோம், தொலைவிலிருந்தே தெரிந்தது.

இவ்வளவு பாராட்டியபின், மனம் ஒப்பாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1999 முதல் ஃபாஸ்ட்பாஸ் என்ற பெயரில், நீண்ட வரிசையைத் தவிர்க்கும் வசதி இந்தப் பூங்காக்களில் எல்லாருக்கும் இலவசமாக இருந்தது. 2021-இல் அதன் இடத்துக்குக் கட்டண முறை வந்தது; இப்போது அதற்கு லைட்னிங் லேன் என்று பெயர். பல சவாரிகளுக்குச் சேர்த்து வாங்குவது ஒரு வகை, பெயர்பெற்ற ஓரிரு சவாரிகளுக்குத் தனியாக வாங்குவது இன்னொரு வகை. விலை நாளுக்கு நாள் மாறும். டிஸ்னி ஹோட்டலில் தங்குவோர் 7 நாட்களுக்கு முன்பும், மற்றவர்கள் 3 நாட்களுக்கு முன்பும் செயலியில் பதிவு செய்யலாம். நுழைவுக்கே பெருந்தொகை கொடுத்துவிட்டு வந்த குடும்பங்களைப் பணம் கூடுதலாகக் கட்டியவர், கட்டாதவர் என இரண்டாகப் பிரித்து, ஒரு குழந்தை நின்றுகொண்டிருக்க இன்னொரு குழந்தை அதைக் கடந்து உள்ளே போவதைப் பார்க்கும்படி வைப்பது, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்கும் இடம் என்ற அடிப்படை எண்ணத்துக்கே பொருந்தாதது என்பது என் கருத்து. வருத்தத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

நல்லவேளையாக, சிறு குழந்தைகளின் குடும்பத்துக்கு அது அவ்வளவு தேவைப்படுவதில்லை. இந்தப் பிள்ளைகள் விடியற்காலையிலேயே எழுந்துவிடுகிறார்கள். பூங்கா திறக்கும் நேரத்துக்கு முன்பே வாயிலில் நிற்பதை அங்கே ரோப் டிராப் என்கிறார்கள். திறந்த பிறகு வரும் முதல் ஒன்றரை மணி நேரத்தில் சிறுவர் சவாரிகள் நிறைந்த ஃபேன்டஸிலேண்டின் பெரும்பகுதியை அவசரமின்றிப் பார்த்துவிடலாம். டிஸ்னி ஹோட்டலில் தங்குவோருக்கு அரை மணி நேரம் முன்னதாகவே அனுமதி உண்டு. ஆனால் வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து வாயிலை அடைவதற்கே நேரம் பிடிக்கும். காரை நிறுத்திய பின், செவன் சீஸ் லகூன் என்ற செயற்கை ஏரியைப் படகிலோ மோனோரயிலிலோ கடந்துதான் மேஜிக் கிங்டமுக்குப் போக வேண்டும். இதற்கு முக்கால் மணி நேரத்தை ஒதுக்கி வைப்பது நல்லது. அந்த ஏரியைத் தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் பூங்காவைக் கட்டியிருக்கிறார்கள். நாம் நடக்கும் தெருக்களுக்குக் கீழே பணியாளர்களும் சரக்கும் போய்வரும் சுரங்கப் பாதைகள் இருக்கின்றன. குப்பை வண்டியோ சரக்கு வண்டியோ குழந்தைகளின் கண்ணில் படாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

புளோரிடாவின் வெயிலைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. மே முதல் செப்டம்பர் வரை சென்னையின் புழுக்கத்துக்கு அது சளைத்ததன்று. பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும். மின்னல் அருகே வந்தால் வெளிப்புறச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. எனவே காலை, பகல் ஓய்வு, மாலை என நாளை மூன்றாகப் பிரித்துக்கொள்வதே முறை. பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து, குழந்தைகளுக்குச் சோறு கொடுத்துத் தூங்க வைத்து, நான்கு மணிக்குமேல் மீண்டும் போகும் குடும்பங்களின் முகத்தில் மாலையில் தெம்பு இருக்கும். வெளியே போக வழியில்லாதவர்களுக்கு, குளிர்சாதன அரங்கில் ஏறத்தாழ இருபது நிமிடம் உட்கார வைக்கும் கரோசல் ஆஃப் பிராக்ரஸ், பறவைகள் பாடும் டிக்கி ரூம் ஆகியவை உதவும்.

பகல் தூக்கம்தான் எங்கே தங்குவது என்பதையும் தீர்மானிக்கிறது. அருகிலுள்ள ஊரான கிஸ்ஸிமி பகுதியில் சமையலறையும் நீச்சல் குளமும் உள்ள முழு வீடுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன; இரண்டு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து எடுத்தால் ஆளுக்கு ஆகும் செலவு டிஸ்னி ஹோட்டலில் பாதிகூட வராது. நாங்கள் முதலில் தங்கியது அப்படி ஒரு வீட்டில்தான். காலையில் இட்லி ஊற்றிச் சாப்பிட்டுப் புறப்பட முடிந்தது அம்மாவுக்கு நிறைவு. ஆனால் விளம்பரத்தில் கால் மணி நேரப் பயணம் என்று போட்டிருந்த அந்த வீட்டுக்கு மாலை நெரிசலில் அதைப்போல் மூன்று மடங்கு நேரம் ஆனது; நண்பகலில் வந்து திரும்புவது நடைமுறையில் இயலவில்லை. பின்னர் மோனோரயில் பாதையில் உள்ள பாலினேசியன் ஹோட்டலுக்கு மாறியபோது வேறுபாடு விளங்கியது. விலை மிக அதிகம் என்பதில் ஐயமில்லை; அறையில் சமைக்கவும் வழியில்லை. ஆனால் பூங்கா வாயிலிலிருந்து மோனோரயில் ஏறிச் சிறிது நேரத்தில் குழந்தை படுக்கையில் இருந்தது. நண்பர்களுக்கு நான் சொல்வது: மேஜிக் கிங்டமுக்குப் போகும் நாட்களில் மட்டும் இப்படிப்பட்ட இடத்தில் தங்கிக்கொண்டு, மற்ற நாட்களை வாடகை வீட்டில் கழிப்பது.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர் படும் கவலை தேவையற்றது. வெளியிலிருந்து உணவு கொண்டுவர இந்தப் பூங்காக்கள் அனுமதிக்கின்றன. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் மட்டும் கூடாது. எலுமிச்சை சாதமும் சப்பாத்திச் சுருளும் கட்டிக்கொண்டு போனால் வாயிலில் எவரும் தடுப்பதில்லை. விரைவு உணவகங்களில் கேட்டால் ஐஸ் போட்ட குடிநீர் இலவசமாகத் தருகிறார்கள். உணவுப் பட்டியல்களில் இலைக் குறி இட்டவை இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் சேராதவை. முட்டைகூடச் சாப்பிடாத பாட்டிமாருக்கு அந்தக் குறி ஒன்றே போதும். கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை என்று சொன்னால் தனிப் பட்டியல் எடுத்துத் தருவார்கள்.

ஒரு நல்ல விருந்து வேண்டுமென்றால், அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி வில்லேஜில் உள்ள சனா உணவகத்துக்குப் போகலாம். அதற்குப் பூங்கா டிக்கெட் தேவையில்லை. முன்பதிவு மட்டும் போதும். இந்தியச் சுவையும் ஆப்பிரிக்கச் சுவையும் கலந்த அந்த உணவகத்தின் பிரெட் சர்வீஸ் புகழ்பெற்றது: ‘நான்’ ரொட்டி முதலிய வகைகளும், தொட்டுக்கொள்ள வெள்ளரிப் பச்சடி, மாங்காய்ச் சட்னி, புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, பூண்டு ஊறுகாய், சிவப்பு மிளகாய்ச் சம்பல் உட்பட ஒன்பது கிண்ணங்களும். பூண்டு ஊறுகாயை ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்த அம்மா, நல்லெண்ணெய் இல்லையே தவிர காரம் சரியாக இருக்கிறது என்றார். பகலில் போய் ஜன்னலோரம் இடம் கேட்டால், வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்வதைப் பார்த்துக்கொண்டே குழந்தைகள் சாப்பிட்டு முடிக்கிறார்கள்.

அனிமல் கிங்டம் 1998-இல் திறந்தது. 110 ஏக்கர் பரப்புள்ள கிலிமஞ்சாரோ சஃபாரி, உயரக் கட்டுப்பாடு இல்லாதது. திறந்த வண்டியில் போகையில் யானையையும் சிங்கத்தையும் கம்பிக்கூண்டு கண்ணில் படாமல் பார்க்கலாம். காலையிலேயே போனால் விலங்குகள் நடமாடிக்கொண்டிருக்கும். ஆசியப் பகுதிக்கு ஆனந்தபூர் என்ற கற்பனை அரசின் பெயரை வைத்திருக்கிறார்கள். இடிந்த அரண்மனை ஒன்றின் வளைவுகளுக்கு ஊடே புலி படுத்திருக்கும் காட்சி நெடுநேரம் நிற்க வைக்கிறது. அரை நாளில் முடித்துக்கொள்ளலாம். எப்காட்டில் ‘ஃப்ரோசன்’ படத்து எல்சாவைப் பார்க்கும் படகுச் சவாரிக்காகவும், பசுமைக் குடில்களில் தக்காளியும் கத்தரியும் வளர்ப்பதைக் காட்டும் லிவிங் வித் த லேண்ட் சவாரிக்காகவும் போகலாம். பின்னது அம்மாவை வெகுவாகக் கவர்ந்தது. ஆனால் ஏரியைச் சுற்றி அமைந்த 11 நாடுகளின் அரங்குகளும் உண்பதிலும் உலாவுவதிலும் விருப்பமுள்ள பெரியவர்களுக்கானவை. ஹாலிவுட் ஸ்டுடியோஸ் இந்த வயதுக்கு வேண்டாம்.

இரவு வாணவேடிக்கை கோட்டையின் 189 அடி உயரத்துக்குப் பின்னால் எழும்போது பெரியவர்களே வாய் திறந்து நிற்கிறோம். சிறு குழந்தைக்கு அந்த வெடிச்சத்தமும் நெருக்கியடிக்கும் கூட்டமும் பிடிக்காமல் போக வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு உகந்தது எலக்ட்ரிக்கல் வாட்டர் பேஜன்ட்: கடற்குதிரையும் ஆமையும் டால்பினும் மின்விளக்குகளால் வரையப்பட்ட மிதவைகள் வரிசையாக இருட்டில் ஏரியின்மேல் இசையோடு நகரும். 1971 அக்டோபரில் தொடங்கிய இதை, ஏரிக்கரை ஹோட்டல்களின் கரையிலிருந்து காசு எதுவும் கொடுக்காமல் மணலில் உட்கார்ந்து பார்க்கலாம். எங்கள் மகளுக்கு அந்த முழுப் பயணத்திலும் மிகப் பிடித்தது எது என்று கேட்டால், இன்றும் அந்தப் பச்சை ஆமையைத்தான் சொல்கிறாள்.

செலவு பற்றி இறுதியாக. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் டிக்கெட், நாளையும் பூங்காவையும் பொறுத்து, 100 டாலரைத் தாண்டித் தொடங்கி விழாக் காலத்தில் 200 டாலரை எட்டுகிறது. 3 வயதுக் குழந்தையின் டிக்கெட் அதைவிடச் சிறிதளவே குறைவு. அதிக நாட்களுக்குச் சேர்த்து வாங்கினால் ஒரு நாளுக்கான விலை இறங்கும் என்பதைக் காட்டியே நான்கு பூங்காத் திட்டத்துக்குள் இழுத்துவிடுவார்கள். இறங்கும் விலையை விட்டு, மொத்தத் தொகையைப் பார்க்க வேண்டும். மேஜிக் கிங்டமுக்கு இரண்டு நாள், விருப்பமிருந்தால் அனிமல் கிங்டமுக்கு ஒரு நாள், இடையில் டிக்கெட் எதுவும் இல்லாமல் நீச்சல் குளத்தில் கழிக்கும் ஒரு நாள் என்பது போதுமானது. பிள்ளைகள் பள்ளியில் சேராதவரை எந்த வாரத்தையும் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோர் கையில் இருக்கிறது. தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ், வசந்த விடுமுறை வாரங்களைத் தவிர்த்து, பள்ளிகள் திறந்த பின்னர் வரும் செப்டம்பரிலோ, ஜனவரியின் பிற்பகுதியிலோ போகலாம். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை சில இரவுகளில் தனிக் கட்டணத்தில் ஹாலோவீன் விருந்து நடக்கும். அந்த நாட்களில் மற்றவர்களுக்கு மேஜிக் கிங்டம் மாலையிலேயே மூடிவிடும் என்பதால் பலர் வருவதில்லை, பகலில் கூட்டம் குறைவாக இருக்கும். ஏழு மணிக்கெல்லாம் தூங்கிவிடும் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் பூங்காவின் நாட்காட்டியில் அந்தத் தேதிகளைப் பார்த்து, அவற்றையே எடுத்துக்கொள்ளலாம்.